மழை நாட்டில் மண் வீடு: அஸ்திவாரம் எது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகே எங்களுக்குப் பன்னிரண்டு சென்ட் ரப்பர் விளை இருக்கிறது. மரங்களுக்கு வயதாகிவிட்டதால் அவற்றை வெட்டிவிட்டு, அங்கே 35 அடி நீளம், 20 அடி அகலத்தில் ஒரே தளமாக, ஓட்டுக் கூரையுடன் மண்சுவர் வீடு கட்ட நினைக்கிறோம். நிலம் ஏலாவை, அதாவது கீழேயுள்ள தாழ்வான வயல்வெளியை, நோக்கிச் சரிகிறது. இருபது அடிக்கு மூன்றடி இறக்கம் இருக்கும். எங்கள் பொறியாளர், மண்சுவர் என்றால் ராஃப்ட் (வீட்டின் அடிப்பரப்பு முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகை) போட்டுத் தூண் எழுப்பினால்தான் பொறுப்பேற்பேன் என்கிறார். மண் வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், சிமெண்டே வேண்டாம், வாணத்தில், அதாவது அஸ்திவாரத்துக்குத் தோண்டும் நீளக்குழியில், உடைகல்லை நிரப்பி அதன்மேல் சுவரை எழுப்பினால் போதும் என்கிறார். என் பாட்டா கட்டிய வீடு வெட்டுக்கல் (செம்புறாங்கல்) அஸ்திவாரத்தில்தான் அறுபது ஆண்டுகள் நின்றது; ஆனால் அந்தச் சுவர்களில் ஓதம், அதாவது அடியிலிருந்து ஏறும் ஈரம், இல்லாத மாதத்தை நான் பார்த்ததில்லை. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். உங்கள் நிலத்துக்கு, சுவர் ஓடும் இடமெல்லாம் தொடர்ச்சியாகச் செல்லும், சிமெண்ட் கலவையில் கட்டிய கருங்கல் அஸ்திவாரம் பொருத்தமானது. அது மேட்டுப்புறத்தில் வெளித்தரைக்கு மேல் இரண்டடியாவது எழ வேண்டும். அதன் தலையில் சுற்றிலும் பட்டைபோல ஓடும் ஒரு பெல்ட் கான்கிரீட்டும், அதற்கு மேல் ஓதம் ஏறாதபடி ஒரு தடுப்பும் இருக்க வேண்டும். நண்பர் சொன்ன உடைகல் வாணத்தையும் கைவிட வேண்டாம். அதைச் சுவருக்கு அடியில் வைக்காமல், மேட்டுப்புறத்தில் சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி வடிகாலாக வையுங்கள்.

பொறியாளரின் அச்சம் சுமையைப் பற்றியது என்று நினைக்கிறேன். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓரடி கனமும் பத்தடி உயரமும் உள்ள மண்சுவர், நீளவாக்கில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1.7 டன் எடை இருக்கும். ஓடு, மரச்சட்டம், பேஸ்மட்டம் (அஸ்திவாரத்தில் தரைக்கு மேல் எழும் பகுதி), அஸ்திவாரக் கல் ஆகியவற்றையும் சேர்த்தால் நாலரை டன்னை ஒட்டி வரும். இரண்டரை அடி அகலத்தில் இதைப் பரப்பினால் தரையின்மீது ஒரு சதுர மீட்டருக்கு ஆறு டன்தான் விழுகிறது. உங்கள் பகுதியின் இறுகிய செம்மண் தரை இதைப்போல் இருமடங்குக்கு மேல் தாங்கக்கூடியது. ஆகவே தூணுக்கு இங்கே வேலை இல்லை. தூண்கள் சுமையைச் சில புள்ளிகளில் குவிக்கும். மண்சுவரோ தன் நீளம் முழுவதும் சீராக உட்கார விரும்புவது. தூண்களுக்கு இடையில் மண்சுவரை நிரப்பினால், மண் காய்ந்து சுருங்கும்போது தூணோரத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழுவதையும் காண்பீர்கள்.

ராஃப்டைப் பற்றி எனக்குள்ள தயக்கம் வேறு. ராஃப்ட் ஒரே மட்டமான தரையைக் கேட்கும். மூன்றடி சரிவில் அந்த மட்டத்தைக் கொண்டுவர, மேட்டுப்புறத்தை வெட்டிப் பள்ளப்புறத்தில் கொட்டுவார்கள். அப்போது வீட்டின் ஒரு பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் மறுபாதி கொட்டிய இளகிய மண்ணிலும் நிற்கும். அது மட்டுமன்றி, வெட்டிய மேட்டிலிருந்து கசியும் நீர் நேராகச் சுவரின் காலுக்கு வந்து சேரும். இதே வீட்டை நீங்கள் கீழே ஏலாவை நிரவிய இடத்தில் கட்டுவதாக இருந்தால், அல்லது ஈரத்தில் ஊதி வெயிலில் பிளக்கும் களிமண்ணில் கட்டுவதாக இருந்தால், பொறியாளர் பக்கம் நின்று நானும் கான்கிரீட்டைத்தான் கேட்டிருப்பேன்.

உடைகல் நிரப்பிய வாணம் குளிர்நாடுகளில் நன்றாகத் தேறிய முறை. அங்கே மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்து வீட்டைத் தூக்கிவிடும். கற்களின் இடைவெளியில் நீர் தங்காமல் இறங்கி வெளியேறிவிட்டால் உறைய எதுவும் இருக்காது என்பதுதான் அதன் தத்துவம். குலசேகரத்தில் உறைபனி கிடையாது. இருப்பது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அது ஓய்ந்து மண் காய்வதற்குள் அக்டோபரில் வந்துவிடும் வடகிழக்குப் பருவமழையும். வாணத்தின் அடிப்பகுதியைவிடத் தாழ்ந்த ஓர் இடத்தில் தண்ணீர் வெளிச்சத்துக்கு வந்து ஓடுவதற்கு வாய் இருந்தால் உடைகல் வாணம் வடிகாலாகும். இல்லையென்றால் அது சுவருக்கு அடியில் நீங்களே வெட்டிவைத்த நீளமான தொட்டி.

இதை நான் பிறர் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், சமதரையில் ஒரு மண் வீட்டுக்கு இந்த முறையில் அஸ்திவாரம் போட்டேன். வாய்க்கு இடமில்லாததால், நீர் மண்ணுக்குள் தானே இறங்கிவிடும் என்று நம்பினேன். ஐப்பசி அடைமழையின் ஒன்பதாம் நாள் வீட்டுக்காரர் அழைத்தார். போய்ப் பார்த்தபோது சுவரின் அடி ஒன்றரை அடிக்கு நிறம் கறுத்திருந்தது; கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், மண் பிட்டுபோல உதிர்ந்து உள்ளங்கையில் நின்றது. சுவர் விழவில்லை. ஆனால் அதன் அடிப்பகுதியை மூன்றடி மூன்றடியாக முட்டுக்கொடுத்து எடுத்துவிட்டுக் கருங்கல் வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் முதலிலேயே இரண்டு முறை கருங்கல் அஸ்திவாரம் போட்டிருக்கலாம்.

பாட்டாவின் வெட்டுக்கல்லுக்கு வருவோம். வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டால் இறுகுவது வெட்டுக்கல்லின் இயல்பு. மண்ணுக்குள் எப்போதும் ஈரத்தில் கிடக்கும் கல்லுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. தவிர, அதன் உடம்பெல்லாம் துளை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது நீரை மேலே இழுக்கும். பாட்டா காலத்தில் இடையில் டி.பி.சி., அதாவது ஓதத்தடுப்பு அடுக்கு, எதுவும் வைத்திருக்கமாட்டார்கள். இன்னொன்றையும் விசாரித்துப் பாருங்கள்: பிற்காலத்தில் யாராவது அந்தச் சுவரின் அடிப்பகுதிக்குச் சிமெண்ட் பூச்சுப் பூசினார்களா? ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக மெல்ல வெளியே காய்ந்துகொண்டிருந்திருக்கும். அதைச் சிமெண்ட் பூசி அடைத்தால் ஓதம் போக வழியின்றி இன்னும் இரண்டடி மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்பாகப் பூக்கும். பூச்சினால் நோய் தீரவில்லை என்று மேலும் உயரத்துக்குப் பூசிய வீடுகளை உங்கள் பகுதியிலேயே நான் பார்த்திருக்கிறேன். வெட்டுக்கல்லின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பேஸ்மட்டத்துக்கு மேல், அது உரிய இடத்தில் அருமையான கல்.

சமாளிக்க வேண்டிய தண்ணீர் எவ்வளவு என்பதை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால் பல கேள்விகளுக்குத் தானே விடை கிடைத்துவிடும். உங்கள் வீட்டுக்கு நாற்புறமும் சுவரைத் தாண்டி மூன்றடி இறவாணம் (கூரையின் தாழ்ந்த விளிம்பு) விட்டால், கூரை மூடும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்பது 10 லிட்டர். ஆக, உங்கள் ஊரில் அரிதல்லாத 10 செ.மீ. மழை ஒரு நாளில் பெய்தால், கூரையிலிருந்து மட்டும் 10,000 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு லாரித் தண்ணீர், சுவரின் காலடியில் விழுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மேட்டிலிருந்து வரும் ஓட்டநீர் இந்தக் கணக்கில் சேரவில்லை. எந்த அஸ்திவாரமானாலும் இந்த நீர் அதைத் தொடுவதற்கு முன்பே விலகிப் போகும்படி செய்வதுதான் முதல் வேலை. கல்லா கான்கிரீட்டா என்பது அதற்குப் பிறகுதான்.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையில், இறவாணம் குறுகிய ஏதாவதொரு பக்கத்து வீட்டின் வெள்ளைச் சுவரைப் போய்ப் பாருங்கள். கூரைத்தண்ணீர் தரையில் மோதித் தெறித்த செம்மண் புள்ளிகள் சுவரில் ஒரு கோட்டுக்குக் கீழே நெருக்கமாகவும் மேலே அரிதாகவும் இருக்கும். வெறும் செம்மண் தரையென்றால் அந்தக் கோடு ஒன்றரை அடியைத் தாண்டுவது சாதாரணம். ஜல்லி பரப்பிய அல்லது புல் முளைத்த தரையென்றால் வெகுவாகத் தாழ்ந்திருக்கும். மண் வீடுகளுக்கான இந்தியத் தரநிர்ணயக் கையேடு, ஐ.எஸ். 13827, பேஸ்மட்டம் குறைந்தது 300 மி.மீ., அதாவது ஓரடி, இருக்க வேண்டும் என்கிறது. அது நாடு முழுமைக்குமான குறைந்தபட்சம். உங்கள் மழைக்கு நான் இரண்டடிக்குக் குறைக்கமாட்டேன்.

இனி வேலைக்கு வருவோம். வீட்டின் நீளப்பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். இருபது அடிப் பக்கம் மட்டும் இறங்கட்டும். வாணம் இரண்டரை அடி அகலம். ஆழம் மேல்மண்ணைக் கடந்து கடப்பாரை ‘ணங்’ என்று ஒலிக்கும் கெட்டித் தரை வரை, எப்படியும் இரண்டடிக்குக் குறையக் கூடாது. சரிவில் இறங்கும் வாணத்தின் அடியைச் சரிவாக விட்டுவிடாமல், ஒவ்வொன்றும் ஓரடிக்கு மிகாத படிகளாக மட்டம் வெட்டச் சொல்லுங்கள். சரிவான அடியில் வைத்த கல், மண் நனைந்ததும் கீழ்நோக்கி நழுவப் பார்க்கும். அடியில் ஆறு அங்குலம் கான்கிரீட் போட்டு, அதன்மேல் கருங்கல்லை, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் சேர்த்த கலவையில் கட்டலாம். இங்கே மேஸ்திரியின் அருகிலேயே நீங்கள் நிற்க வேண்டிய ஒரு நாள் இருக்கிறது. இரு ஓரங்களிலும் முகம் பார்த்துப் பெரிய கல்லை வைத்துவிட்டு நடுவில் சிறு சில்லுகளைக் கொட்டிக் கலவையை ஊற்றிப் போவது வழக்கமாகிவிட்டது; அப்படிக் கட்டினால் அது ஒரு சுவர் அல்ல, ஒட்டாத இரண்டு மெல்லிய சுவர்கள். நான்கடிக்கு ஒன்றாக முழு அகலத்துக்கும் ஓடும் நீளக்கல்லைக் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள்.

மேட்டுப்புறத்தில் பேஸ்மட்டம் இரண்டடி என்றால், சரிவினால் பள்ளப்புறத்தில் அது ஐந்தடியாகிவிடும். அவ்வளவு உயரத்துக்கு உள்ளே மண் நிரப்பினால், ஈரமான நிரவல் மண் அந்தச் சுவரை வெளியே தள்ளும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளப்புறச் சுவரை அடியில் மூன்றடி அகலத்தில் தொடங்கி மேலே போகப்போகக் குறைத்துக் கட்டி, இடையிடையே நீர் கசிந்து வெளியேறத் துளைக்குழாய் விடலாம். அல்லது, எனக்கு இதுவே பிடித்தது, சமையலறையும் பின்தாழ்வாரமும் முன்னறையைவிட மூன்று படி தாழ்ந்திருக்கும்படி வீட்டையே இரண்டு மட்டங்களில் அமைக்கலாம். எந்த வழியானாலும் நிரவல் மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். உள்சுவர்களுக்கும் அஸ்திவாரம் இறுகிய இயற்கைத் தரை வரை போக வேண்டும். நிரவல் மண்ணின்மேல் எந்தச் சுவரும் உட்காரக் கூடாது.

பேஸ்மட்டத்தின் தலையில் சுற்றிலும் ஆறு அங்குலப் பெல்ட் கான்கிரீட், நான்கு 10 மி.மீ. கம்பிகளுடன். ஓரிடத்தில் தரை சற்று இறங்கினாலும் சுவரில் விரிசல் விழாமல் காப்பது இதுதான். உங்கள் பொறியாளரின் மனநிறைவுக்கும் இது உதவும். அதன்மேல் டி.பி.சி.: ஈரத்தடுப்புப் பொருள் கலந்த ஓரங்குலச் சிமெண்ட் கலவை, அது காய்ந்தபின் தார் பூச்சு, அதற்கு மேல் கனமான கறுப்பு பாலித்தீன் தாள். தாள் சுவரின் முழு அகலத்துக்கும் இருந்து, வெளிப்புறம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பூச்சு வேலைக்கு வருபவர் அதை அசிங்கம் என்று நறுக்கிவிட்டுக் கீழ்ப் பூச்சையும் மேல் பூச்சையும் ஒன்றாக இணைத்துவிடுவார். அந்த அரை அங்குலப் பூச்சின் வழியாகவே ஓதம் தாளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஆகவே அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதேபோல உள்தரையின் மட்டம் டி.பி.சி.க்குக் கீழேயே நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன் உண்டா என்று ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் மண்ணில் ஒரே அளவாக இரண்டு கற்கள் அறுத்துக் காயவைத்து, இரண்டு தட்டுகளில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கல்லை நேராகத் தண்ணீரில் நிறுத்துங்கள். மற்றதை, தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் ஜல்லிக்கற்களின்மேல் வையுங்கள். மறுநாள் முதல் கல் காலிழந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாவது கல் வைத்தபடியே காய்ந்து நிற்கும். வீட்டின் உள்தரைக்கு அடியிலும் இதே காரணத்துக்காகத்தான் ஆறு அங்குலம் நாற்பது மி.மீ. ஜல்லி பரப்பச் சொல்கிறேன். அந்த ஜல்லியில் தூள் கலந்திருக்கக் கூடாது. தூள் அடைத்த இடைவெளி மறுபடியும் திரியாகிவிடும்.

ஆரோவில்லில், சிமெண்ட் ஐந்து விழுக்காடு கலந்த மண்ணையே வாணத்தில் இடித்து அஸ்திவாரமாக்குகிறார்களே என்று கேட்பீர்கள். நல்ல முறைதான், அங்கே அதற்கென்றே பயிற்சி பெற்ற கைகள் இருக்கின்றன. மண்ணைச் சலித்து, கலந்து, பதம் அறிந்து இடிக்கும் ஆள் இல்லாத இடத்தில் அதை அஸ்திவாரத்துக்குப் பரீட்சை செய்ய வேண்டாம். அந்தக் கலவையை டி.பி.சி.க்கு மேல் முதல் மூன்று வரிசை மண்கல்லுக்குப் பயன்படுத்துங்கள். குளியலறைச் சுவரையும் அடுக்களைத் தொட்டிக்குப் பின்னுள்ள சுவரையும் மட்டும் மூன்றடி உயரத்துக்கு வெட்டுக்கல்லிலேயே கட்டி உட்பக்கம் ஓடு ஒட்டிவிடுங்கள். மழை வெளியிலிருந்து கரைப்பதைவிட, ஒழுகும் குழாய் உள்ளிருந்து கரைத்த மண்சுவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரப்பருக்காகச் சரிவில் வெட்டியிருக்கும் மேடைகள் மேட்டுப்பக்கமாகச் சற்று உள்சாய்வு கொண்டவை. மழைநீர் ஓடிவிடாமல் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டினார்கள். மரத்துக்கு நல்லது, வீட்டுக்கு நேர் மேலே இருந்தாலோ அந்த நீர் மண்ணுக்கடியில் ஊர்ந்து உங்கள் வாணத்தில் வந்து கசியும். வீட்டுக்கு மேலேயுள்ள இரண்டு மேடைகளையாவது வெளிச்சாய்வாக மாற்றிவிடுங்கள். அதற்கும் கீழே, சுவருக்கு நான்கைந்து அடி தள்ளி, அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிடத் தாழாத ஆழத்தில் ஓரடி அகலத்துக்கு வாணம் வெட்டி, துளையிட்ட குழாய் வைத்து உடைகல் நிரப்பி, வீட்டின் இருபுறமும் வளைத்து ஏலாப் பக்கம் திறந்துவிடுங்கள். சரிவு உங்களுக்குத் தந்திருக்கும் வரம் இந்த வாய்தான். மரக்குற்றிகளை வாணத்தின் வழியில் மட்டுமன்றி வீடு நிற்கும் பரப்பு முழுவதும் வேரோடு எடுத்துவிட வேண்டும்; விட்டுவைத்த வேர் மக்கிப் பொந்தாகும், அதற்கு முன் கரையானுக்குச் சோறாகும். கரையானுக்காக வெளிப்புறப் பேஸ்மட்டத்தைப் பூசாமல் கல் தெரியவே விடுங்கள். மண் குழாய் கட்டிக்கொண்டு அது ஏறுவது கண்ணில் பட்டால் துடைப்பத்தால் தட்டிவிட்டு உடனே மருந்து வைக்கலாம். செடிகொடியும் அடுக்கிய விறகும் மறைத்த பேஸ்மட்டத்தில் அது மோட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

காலத்தைப் பொறுத்தவரை, தை மாதம் வாணம் தோண்டினால் மாசிக்குள் பேஸ்மட்டம் முடியும். மார்ச்சில் சுவரைத் தொடங்கி மே இறுதிக்குள் ஓடு வேய்ந்துவிட முடியும் என்று உறுதியிருந்தால் தொடருங்கள். அந்த உறுதி இல்லையென்றால், பேஸ்மட்டத்தோடு நிறுத்திவிட்டு இரண்டு மழையையும் கடக்க விடுங்கள்; நீர் எங்கே தேங்குகிறது, வடிகால் எந்த வளைவில் அடைபடுகிறது என்பதெல்லாம் சுவர் எழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பாதி எழுந்த மண்சுவரை ஆனி மழையில் தார்ப்பாயை நம்பி விடுவது மட்டும் வேண்டாம்.

அதற்கு முன், வருகிற ஐப்பசியில், வீடு வரப்போகும் இடத்தின் மேட்டு மூலையிலும் பள்ள மூலையிலும் நான்கடி ஆழத்துக்கு ஒவ்வொரு குழி தோண்டி, மழைநீர் நேராக விழாமல் மேலே தகரம் போட்டு மூடி வையுங்கள். மழை விட்ட மறுநாள் குழியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா, எத்தனை அங்குலம், எந்தப் பக்கச் சுவரிலிருந்து கசிகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். மேட்டு மூலைக் குழியில் நீர் ஊறினால் வடிகாலை, அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தாண்டாமல், இன்னும் ஆழமாக்க வேண்டும். பள்ள மூலையில் தரைமட்டத்திலிருந்து இரண்டடிக்குள் நீர் நின்றால் வீட்டைப் பத்தடி மேட்டுப்பக்கமாகத் தள்ளி வைப்பதே நல்லது.